வியூஃபைண்டரில் பளிச்... கம்ப்யூட்டரில் மங்கல்! மேனுவல் ஃபோகஸில் கேமரா ஏமாற்றுவது ஏன்?

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் கிடைக்கிறது. எஃப்/1.4. விலையும் கட்டுப்படி ஆகிறது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் மாட்டி, ஃபோகஸ் ரிங்கை மெல்லத் திருப்பி, எதிரில் இருப்பவரின் கண் பளிச்சென்று தெரிந்ததும் கிளிக். கேமராவின் பின்பக்கத் திரையிலும் படம் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால்தான் தெரிகிறது... கண் மங்கல், காது ஷார்ப்!

லென்ஸ் பழுதுன்னு சிலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்குத்தான் கண்ணாடி பவர் ஏறிடுச்சோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பல நேரங்களில் தப்பு இரண்டிலும் இல்லை. கேமராவுக்குள் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய சைஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகடுதான் காரணம். அதன் பெயர் ஃபோகசிங் ஸ்கிரீன்.

அது என்ன ஃபோகசிங் ஸ்கிரீன்?

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் நேராக நம் கண்ணுக்கு வருவதில்லை. முதலில் உள்ளே 45 டிகிரி சாய்வில் இருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. மேலே இருக்கும் ஃபோகசிங் ஸ்கிரீனில் விழுந்து அங்கே பிம்பமாகிறது. அந்தப் பிம்பத்தைத்தான் பென்டாபிரிசம் வழியாக நாம் பார்க்கிறோம். அதாவது நாம் பார்ப்பது காட்சியை அல்ல. ஸ்கிரீனில் விழுந்த படத்தை. சினிமா தியேட்டரில் திரையைப் பார்க்கிற மாதிரிதான்.

இதில் ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. லென்ஸிலிருந்து ஸ்கிரீன் வரை வெளிச்சம் போகும் தூரமும், லென்ஸிலிருந்து சென்சார் வரை போகும் தூரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்கிரீனில் ஷார்ப்பாகத் தெரிவது படத்திலும் ஷார்ப்பாக விழும். இந்த இரண்டு தூரத்திலும் முடி அளவு வித்தியாசம் வந்தாலே எஃப்/1.4 லென்ஸில் படம் கெட்டுவிடும்.

ஆரம்பத்தில் ஸ்கிரீன் என்பது சொரசொரப்பாக்கப்பட்ட கண்ணாடி, அவ்வளவுதான். நடுவில் வெளிச்சம், ஓரங்களில் இருட்டு. பிறகு ஓரங்களையும் வெளிச்சமாக்க, வளையம் வளையமாகக் கீறிய ஃபிரெனல் லென்ஸைச் சேர்த்தார்கள். 1959-ல் வந்த நிக்கான் எஃப் கேமராவில், வேலைக்குத் தகுந்த மாதிரி ஸ்கிரீனை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கட்டடம் எடுப்பவருக்குக் கட்டம் போட்டது, பொதுவான படங்களுக்கு நடுவில் வட்டம் உள்ளது என்று தனித்தனியாகக் கிடைத்தன.

நடுவில் இருந்த அந்த வட்டம் எப்படி வேலை செய்தது?

ஃபிலிம் கேமரா பிடித்தவர்களுக்கு அந்த வட்டம் மறக்காது. ஸ்பிளிட் இமேஜ் என்று பெயர். எதிரெதிர் சாய்வில் வெட்டிய இரண்டு சின்ன ஆப்பு வடிவப் பிரிசங்கள் அதில் இருக்கும். ஃபோகஸ் தப்பாக இருந்தால் மேல் பாதி ஒரு பக்கமும் கீழ் பாதி இன்னொரு பக்கமும் விலகி நிற்கும். ஒரு தூணைப் பார்த்தால் உடைந்து நகர்ந்த தூண் மாதிரி தெரியும். ரிங்கைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஃபோகஸ் சரியாகும் இடத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும்.

இதன் பலம் என்ன தெரியுமா? படம் மங்கலா, பளிச்சா என்று முடிவு செய்வதில் நம் கண் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் ஒரு கோடு உடைந்திருக்கிறதா, சேர்ந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பதில் படு கெட்டி. அந்தத் திறமையைத்தான் ஸ்பிளிட் இமேஜ் பயன்படுத்திக்கொள்கிறது.

வட்டத்தைச் சுற்றி இன்னொரு வளையமும் இருக்கும். அது மைக்ரோபிரிசம். குட்டிக் குட்டிப் பிரிசங்களின் கூட்டம். ஃபோகஸ் இல்லாதபோது அந்த இடம் கானல் நீர் மாதிரி மினுமினுக்கும். ஃபோகஸ் ஆனதும் அடங்கிவிடும். கோடே இல்லாத இடத்தில், உதாரணமாக முடி, துணி, இலை போன்றவற்றில் இதுதான் உதவி. 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2 கேமராவில் நடுவில் ஸ்பிளிட், சுற்றி மைக்ரோபிரிசம், வெளியே மேட் பரப்பு என்று மூன்றுமே இருந்தன.

குறையும் உண்டு. எஃப்/5.6, அதற்கும் மேல் போகும் லென்ஸ்களை மாட்டினால் ஸ்பிளிட் வட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த பாதி கறுக்கும். இந்தச் சின்னத் தொல்லைதான் பின்னாளில் ஸ்பிளிட் வட்டம் காணாமல் போனதற்கு ஒரு காரணம்.

1985-க்குப் பிறகு என்ன மாறியது?

அந்த ஆண்டு மினோல்டா 7000 வந்தது. ஆட்டோ ஃபோகஸ் மோட்டாரும் சென்சாரும் கேமரா பாடிக்குள்ளேயே இருந்த, சந்தையில் பெரிய வெற்றி பெற்ற முதல் எஸ்.எல்.ஆர். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. கேனான் இ.ஓ.எஸ். வரிசை 1987-ல் தொடங்கியது.

ஆட்டோ ஃபோகஸ் வந்ததும் ஸ்கிரீனின் வேலையே மாறிப்போனது. ஏஎஃப் சென்சார் கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதற்கு வெளிச்சம் போக வேண்டும் என்பதற்காக, 45 டிகிரி கண்ணாடியில் ஒரு பகுதியைப் பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி செய்தார்கள். அப்போ மேலே ஸ்கிரீனுக்குப் போகும் வெளிச்சம் குறையும்தானே? போதாததற்கு, கேமராவோடு கொடுக்கும் கிட் ஜூம் லென்ஸ்கள் எஃப்/3.5-5.6. அவையே இருட்டு லென்ஸ்கள். இரண்டும் சேர்ந்தால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது.

அதனால் ஸ்கிரீனை வெளிச்சமாக்கினார்கள். வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்காமல், பெரும்பகுதியை நேராகக் கண்ணுக்கே அனுப்பும் மெல்லிய சொரசொரப்பு. இருட்டு லென்ஸிலும் காட்சி பளிச். ஃபோகஸ் பண்ணத்தான் மோட்டார் இருக்கே, கண்ணுக்கு எதற்கு அந்த வேலை என்ற கணக்கு.

இங்கேதான் கோளாறு. இந்தப் புது ஸ்கிரீன்கள், அகலமான லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக வரும் கதிர்களைக் கண்ணுக்குத் திருப்புவதில்லை. அவை வேறெங்கோ போய்விடுகின்றன. கண்ணுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய எஃப்/2.5 அல்லது எஃப்/2.8 அளவுக்கான நடுப்பகுதிக் கதிர்கள் மட்டும். ஆக, நீங்கள் எஃப்/1.4 லென்ஸை மாட்டியிருந்தாலும் வியூஃபைண்டரில் தெரிவது எஃப்/2.8 படம்தான்!

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம். எஃப்/2.8-ல் ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 6.7 செ.மீ. எஃப்/1.4-ல் அது பாதி, சுமார் 3.4 செ.மீ. வியூஃபைண்டர் உங்களுக்கு 6.7 செ.மீ. முழுக்க ஷார்ப் என்று காட்டுகிறது. சென்சார் பதிவு செய்வதோ அதில் பாதி. ஃபோகஸ் எந்தப் பாதியில் விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கண் தப்பி காது மாட்டியது இப்படித்தான்.

சந்தேகமா? வீட்டிலேயே சோதிக்கலாம். எஃப்/1.4 அல்லது எஃப்/1.8 லென்ஸை மாட்டுங்கள். கேமராவில் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டன் இருந்தால் அதை அழுத்திப் பிடித்தபடி எஃப்/1.8-லிருந்து எஃப்/2.5 வரை மாற்றுங்கள். வியூஃபைண்டரில் பெரிதாக எதுவும் மாறாது. எஃப்/2.8-ஐத் தாண்டிய பிறகுதான் இருட்டத் தொடங்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்தப் பட்டனே கிடையாது என்பது தனிக்கதை.

இன்னொரு விஷயம், வியூஃபைண்டரின் சைஸ். எஃப்எம்2-ல் உருப்பெருக்கம் 0.86 மடங்கு. நிக்கான் டி3500-லும் காகிதத்தில் 0.85 மடங்குதான். ஆனால் டி3500-ன் சென்சார் சின்னது. அந்தக் கணக்கையும் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் படம் 0.57 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. நீளமான குழாயின் கடைசியில் டி.வி. பார்ப்பது போன்ற உணர்வு வருவது அதனால்தான்.

பச்சைப் புள்ளியை நம்பலாமா?

நிக்கான் கேமராக்களில் மேனுவலாகத் திருப்பும்போது, ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரின் மூலையில் ஒரு புள்ளி எரியும். பழைய மேனுவல் லென்ஸிலும் எரியும். கேனானில் வேறு கம்பெனி லென்ஸை அடாப்டரில் மாட்டினால், அடாப்டரில் சிப் இருந்தால்தான் இந்த வசதி.

புள்ளியை எரியவைப்பது ஏஎஃப் சென்சார். சுவாரஸ்யம் என்னவென்றால், அதுவும் லென்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்து வரும் பிம்பங்களை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. அதாவது பழைய ஸ்பிளிட் வட்டம் கண்ணுக்குக் காட்டியதையே இது மின்னணு முறையில் செய்கிறது.

ஓரளவுக்கு நம்பலாம். எஃப்/2.8, எஃப்/4 என்றால் தாராளமாக. எஃப்/1.4 என்றால் யோசிக்க வேண்டும். ரிங்கைக் கொஞ்ச தூரம் திருப்பும் வரை புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் சரியான இடம் எது என்று அது சொல்லாது. அனுபவஸ்தர்கள் செய்வது, எப்போதும் ஒரே திசையிலிருந்து திருப்பி வந்து, புள்ளி எரிந்ததும் நிறுத்துவது. தன் லென்ஸுக்கு எந்தத் திசை ஒத்துவருகிறது என்பதைப் பத்து இருபது படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்கிரீனையே மாற்றிவிட்டால்?

மாற்றலாம். சில கேமராக்களில். கேனான் 5டி மார்க் 2-க்கு இஜி-எஸ் என்ற ஸ்கிரீனை கம்பெனியே விற்றது. எஃப்/2.8-க்கும் கீழான லென்ஸ்களுக்காகவே செய்தது. ஃபோகஸ் துல்லியமாகத் தெரியும். விலையாக, கிட் ஜூமை மாட்டினால் வியூஃபைண்டர் இருட்டும். 5டி மார்க் 3-ல் நாமே மாற்றும் வசதி இல்லை. மற்ற கேமராக்களுக்கு, பழைய ஃபிலிம் கேமரா ஸ்கிரீன்களை அளவாக வெட்டி விற்பவர்களும் உண்டு.

ஆனால் அவசரப்பட வேண்டாம். இரண்டு சிக்கல் காத்திருக்கிறது. ஒன்று, பல கேமராக்களில் ஒளியை அளக்கும் மீட்டரும் இதே ஸ்கிரீன் வழியாகத்தான் பார்க்கிறது. ஸ்கிரீன் மாறினால் எக்ஸ்போஷரும் மாறும். அதுவும் நடுவில் ஸ்பிளிட் வட்டம் வைத்தால் ஸ்பாட் மீட்டரிங் தாறுமாறாகும். கேனானில் எந்த ஸ்கிரீன் போட்டிருக்கிறோம் என்பதை மெனுவில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது சிக்கல் பெரியது. புது ஸ்கிரீனின் தடிமன் வேறாக இருந்தால், முதலில் சொன்ன தூரக் கணக்கு கவிழ்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைப்பார்கள். அது இல்லாமல் போட்டால், ஸ்பிளிட் கோடு அழகாக ஒட்டும். படம் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறும்!

உங்கள் கேமராவில் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று. ஐந்து பேட்டரிகளை ஒன்றுக்கு ஒன்று சற்றுப் பின்னால், சாய்வான வரிசையில் நிறுத்துங்கள். கேமரா டிரைபாடில். லென்ஸ் முழுசாகத் திறந்திருக்கட்டும். வியூஃபைண்டர் வழியாக நடு பேட்டரியை ஃபோகஸ் செய்து எடுங்கள். இதையே ஐந்தாறு தடவை, ஒவ்வொரு முறையும் ரிங்கைக் கலைத்துவிட்டுச் செய்ய வேண்டும். பிறகு லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒன்று எடுங்கள். லைவ் வியூ படம் சரியாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் எல்லாமே ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் ஸ்கிரீன் அல்லது கண்ணாடியின் நிலை பிசகியிருக்கிறது. சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான். முன்னும் பின்னுமாகச் சிதறித் தவறியிருந்தால் கேமரா சரி, எஃப்/2.8 விவகாரம்தான்.

கையில் இருப்பதை வைத்தே சரியாக எடுப்பது எப்படி?

முதல் வேலை, வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் டையாப்டர் சக்கரம். பலர் அதைத் தொட்டதே இல்லை. கேமராவை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, ஸ்கிரீனில் இருக்கும் ஏஎஃப் கட்டங்களின் கோடுகள் துல்லியமாகத் தெரியும் வரை அதைத் திருப்புங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, கோட்டைப் பார்த்துத்தான். கண்ணாடி போட்டு எடுப்பவர் போட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

அடுத்து, ரிங்கைத் திருப்பும் விதம். ஷார்ப் ஆனதும் நிறுத்திவிடக் கூடாது. அதைத் தாண்டிப் போய் மங்க விட வேண்டும். திரும்பி வந்து அந்தப் பக்கமும் மங்க விட வேண்டும். பிறகு இரண்டு மங்கலுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். பழைய லென்ஸ்களில் ரிங் நிறையச் சுற்றும் என்பதால் இது சுலபம். ஏஎஃப் லென்ஸ்களில் விரல் அசைந்தாலே மீட்டர் கணக்கில் ஓடிவிடும். நிக்கானும் கேனானும் எதிரெதிர் திசையில் திரும்பும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்பவர்கள் அவசரத்தில் தடுமாறுவது சகஜம்.

பூ, பூச்சி போன்ற நெருக்கமான படங்களில் ரிங்கை அப்படியே விட்டுவிட்டு உடம்பை முன்னே பின்னே மெல்ல ஆட்டி, ஷார்ப் ஆகும் கணத்தில் அழுத்துவது நல்லது. அடுத்தடுத்து நாலைந்து படம் எடுத்தால் ஒன்று தேறும்.

நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேமரா திரும்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பும். தூரத்தில் பரவாயில்லை. கிட்டத்தில், எஃப்/1.4-ல், கண்ணில் வைத்த ஃபோகஸ் பின்னால் நழுவிவிடும்.

பார்க்காமலேயே ஃபோகஸ்!

வியூஃபைண்டரை நம்பவே தேவையில்லாத ஒரு வழி உண்டு. ஸோன் ஃபோகஸ். தெருவில் படம் எடுப்பவர்களின் பழைய ஆயுதம். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, தூரம் 5.1 மீட்டர் என்று வைத்துவிட்டால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே ஏற்கத்தக்க அளவு ஷார்ப். 28 மி.மீ. என்றால் 3.3 மீட்டரில் வைத்தாலே போதும், சுமார் 1.6 மீட்டரிலிருந்து எல்லாம் கிடைக்கும். கிராப் சென்சாருக்கு இந்தக் கணக்கு மாறும்: அதே 35 மி.மீ., எஃப்/8-க்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். இதற்கு லென்ஸின் மேல் தூர அளவு பொறித்திருக்க வேண்டும். பழைய லென்ஸ்களில் உண்டு. புது ஜூம்கள் பலவற்றில் கிடையாது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புது ஃபிலிம் கேமரா வந்தபோது அதில் ஆட்டோ ஃபோகஸே வைக்கவில்லை; ஆறு ஸோன்களில் ஒன்றை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சினிமாவில் இன்னும் கெடுபிடி. ஃபோகஸ் புல்லர் டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்வது இதற்காகத்தான். 1975-ல் வெளியான 'பேரி லின்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப்/0.7 லென்ஸை ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தினார். ஷார்ப்பாக இருக்கும் ஆழம் அதில் அநியாயத்துக்குக் குறைவு. நடிகர் லேசாகச் சாய்ந்தாலும் போச்சு. அதற்காகப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு முன்னே பின்னே நகர்கிறார் என்பதை அதில் பார்த்துப் பார்த்து ஃபோகஸை மாற்றினார்கள்.

மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை உண்டா?

பெரும்பாலும் இல்லை. கண்ணாடியும் இல்லை, ஸ்கிரீனும் இல்லை. சென்சார் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள். எஃப்/1.4 என்றால் எஃப்/1.4-தான் தெரியும். பெரிதாக்கும் பட்டனை அழுத்தினால் கண் இமை வரை எண்ணலாம். லென்ஸ் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் குறைவு என்பதும் வசதி: சோனி இ 18 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் 40 மி.மீ.க்கும் மேல் தள்ளி நிற்க வேண்டியவை. நடுவில் வெறும் வளையத்தைப் போட்டால் போதும், பொருந்திவிடும். டி.எஸ்.எல்.ஆரில் அப்படி முடியாது. கேனான் எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ. வேண்டும், இ.ஓ.எஸ். பாடி 44 மி.மீ. இருப்பதால் தூரத்துக் காட்சி ஃபோகஸே ஆகாது. இது தெரியாமல் வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை: 1977-க்கு முன் வந்த, மாற்றம் செய்யப்படாத லென்ஸைப் பல பாடிகளில் திருகினால் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் மீட்டர் இணைப்பு நாக்கு உடைந்துவிடும்.

மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் ஆன ஓரங்களைச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ காட்டும் பீக்கிங் வசதியும் உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கான்ட்ராஸ்ட்டைத்தான் பார்க்கிறது. கட்டம் போட்ட சட்டை கண்ணை விட முதலில் மினுக்கும். கிட்டத்தட்ட இடம் பிடிக்கப் பீக்கிங், உறுதி செய்யப் பெரிதாக்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

கடைசியாக, டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை ஃபோகஸ் செய்யவே கூடாது. லென்ஸ் குவித்த வெயில் நேராக விழித்திரையில் விழும், பார்வையே போகலாம். கிரகணம் எடுக்கப் போகிறவர்கள் லென்ஸுக்கு முன்னால் சூரிய ஃபில்டர் மாட்டிவிட்டு, லைவ் வியூவில் ஃபோகஸ் செய்ய வேண்டும். இன்னொன்று, வியூஃபைண்டரில் கறுப்புப் புள்ளி தெரிகிறது என்று ஸ்கிரீனைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக், ஒரு தேய்ப்பில் கீறல் விழுந்துவிடும். விரல் பட்டால் எண்ணெய்க் கறை. காற்று ஊதும் பந்தால் லேசாக ஊதுங்கள். போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அந்தத் தூசி படத்தில் விழாது.